ஈயச்சொம்பு வந்த வழி

முதல் நாள்: தைப்பிங்

பாட்டி போன பிறகு எனக்கென்று வந்த சொத்து, ரசம் வைக்கிற ஒரு ஈயச்சொம்பு. போன வருடம் அதை வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட்டு ஃபோன் பேசப் போனேன். திரும்பி வந்தபோது பர்னரைச் சுற்றி வெள்ளிக் குழம்பாக வழிந்து கிடந்தது. ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

கும்பகோணத்தில் புதுச்சொம்பு வாங்கப் போனேன். கடைக்காரர் தராசில் வைத்துக்கொண்டே, "சுத்தமான பினாங்கு ஈயம்மா, கலப்படமே கிடையாது" என்றார். நிஜமோ வியாபாரப் பேச்சோ, அந்த ஒரு வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதம் கழித்து இதோ மலேசியாவின் பினாங்கில் இறங்கி, படகில் பட்டர்வொர்த் வந்து, ரயிலேறி ஒரு மணி நேரத்தில் தைப்பிங்.

பினாங்கில் இருந்தது ஈயத்தை உருக்கும் ஆலை. அது மண்ணுக்குள் கிடந்த இடம், தைப்பிங் இருக்கும் பேராக் மாநிலம். நம்மூரில் காரீயத்தையும் (லெட்) வெள்ளீயத்தையும் (டின்) ஒன்றாகப் போட்டு ஈயம் என்றுவிடுவோம். இங்கத்தித் தமிழர்களுக்கு ஈயம் என்றால் வெள்ளீயம்தான். சுரங்கத்தை 'ஈயலம்பம்' என்கிறார்கள். மலாய் மொழியின் 'லொம்போங்' தமிழ் வாயில் லம்பமாகிவிட்டது. நாம் பாத்திரத்துக்குப் பூசும் 'கலாய்' அரபு வழியாக வந்த சொல். பழைய அரபு மாலுமிகள் இந்தத் தீபகற்பத்தில் 'கலா' என்று சொன்ன ஒரு துறைமுகத்தின் பெயர்தான் அதற்கு மூலம் என்பார்கள்.

தைப்பிங்கில் மழை. தீபகற்ப மலேசியாவிலேயே அதிகம் நனைகிற ஊர் இது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். நான் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன். காலை பத்துக்கே பிடித்துக்கொண்டது. குடையோடு ஏரிப் பூங்காவுக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளைச் சாலைக்கு மேலே நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. அத்தனை அழகான ஏரிகளும் கைவிடப்பட்ட ஈயக்குழிகள். சுங் கெங் குவீ என்ற சீனச் சுரங்க முதலாளி கொடுத்த நிலத்தில் 1880இல் பூங்காவாக்கினார்கள்.

குடையைப் பற்றி ஒரு விஷயம். பழைய சுரங்கங்களில் குடை விரிக்கக் கூடாது, செருப்புப் போட்டு இறங்கக் கூடாது. ஈயம் கோபித்துக்கொண்டு இடம் மாறிவிடும். அதற்கு உயிர் உண்டு, எருமை உருவில் மண்ணுக்கடியில் நகரும் என்று நம்பினார்கள். அதைச் சமாதானப்படுத்த 'பவாங்' என்ற மலாய் மந்திரவாதி இருப்பார். எங்கள் ஊர் எல்லைக்கருப்பை நினைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றத் தோன்றியது, ஆனால் சேறு.

ஈயம் கிடைத்த கதையிலும் ஒரு மிருகம் வருகிறது. 1840களில் லோங் ஜாஃபார் என்ற மலாய்த் தலைவரின் லாருட் என்ற யானை காணாமல் போய், கால்களில் ஈய மண் அப்பியபடி திரும்பி வந்ததாம். யானை கதையாகவே இருக்கட்டும். பின்னால் வந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிகள் கதையில்லை. அவர்கள் இரண்டு ரகசியச் சங்கங்களாகப் பிரிந்து நின்றார்கள்: கீ ஹின், ஹாய் சான். 1861இல் சுரங்கத்துக்குப் போகும் தண்ணீர் வாய்க்கால் தகராறில் தொடங்கியது சண்டை. தஞ்சாவூர்க்காரிக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. விட்டு விட்டுப் பதின்மூன்று வருடம் நடந்தது. 1874 ஜனவரி 20இல் பங்கோர் தீவில் ஒப்பந்தம் போட்டு, இரண்டு கோஷ்டிகளையும் பிரித்து வைத்து, அப்படியே பேராக்குக்குள் பிரிட்டிஷ்காரர்கள் நுழைந்துகொண்டார்கள். ஊருக்கு வைத்த பெயர் தைப்பிங். சீனத்தில் 'நீடித்த அமைதி'.

இரண்டாம் நாள்: மாத்தாங், கோலா செபத்தாங்

காரோட்டி தமிழ்ப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும். ஏறியதுமே, "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்றான். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் சொல். நம் 'டிஃபனை'விட எவ்வளவோ மேல்.

"ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?" ஊர் என்றால் இந்தியா. அவனும் அவன் அப்பாவும் இங்கேயே பிறந்தவர்கள், நம் ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது 'ஊர்'.

முதலில் மாத்தாங். லோங் ஜாஃபாரின் மகன் ஙா இப்ராஹிமின் கோட்டை, இப்போது அருங்காட்சியகம். ஈயத் தீர்வையில் பெரும் பணக்காரர் ஆன மனிதர். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் வந்த அதிகாரி, பர்ச், 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அந்த வழக்கு விசாரணை நடந்தது ஙா இப்ராஹிமின் இந்த வீட்டில்தான். அவரையே பிறகு செய்ஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளும் கலை.

அங்கிருந்து கோலா செபத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட், வெல்ட் என்ற கவர்னரின் பெயரில். தைப்பிங்கிலிருந்து இந்தக் கழிமுகம்வரை எட்டு மைல். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி இந்த எட்டு மைலில்தான் ஓடியது. ஈயத்தைக் கப்பலில் ஏற்ற வேண்டும், அதற்காக ரயில். பாதை போட இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் இந்த நாட்டு ரயில்வேயின் நிலைய அதிபர்களும் குமாஸ்தாக்களும் யாழ்ப்பாணத்தாரால் நிரம்பினார்கள். தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர்களும் தமிழர்கள்.

இப்போது தண்டவாளமும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. மீன்கடைகளுக்கு நடுவே ஊர்ப்பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (மலாய்க்கான அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்திலும் பெயர். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொடுத்தவன் காரோட்டி.

"உங்க தாத்தாவும் லம்பத்துல வேலை பார்த்தாரா?" என்றேன்.

"இல்லக்கா. நாம எல்லாம் பால்மரம், ரப்பர் தோட்டம். லம்பம் சீனங்களோடது. தாத்தாவோட தம்பி ஒருத்தரு கப்பல்ல இருந்தாரு, அவ்வளவுதான்."

எந்தக் கப்பல் என்று கேட்டேன். "நாலாம் நாள் காட்டுறேன்" என்று சிரித்தான். பையன் கதை சொல்லத் தெரிந்தவன்.

மூன்றாம் நாள்: ஈப்போ

1880களின் நடுவில், ஈயத்தில், தைப்பிங் வட்டாரமான லாருட்டை ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு முந்திக்கொண்டது. ஈப்போ அந்தப் பணத்தில் எழுந்த ஊர். 1937இல் மாநிலத் தலைநகரும் தைப்பிங்கிலிருந்து இங்கே வந்துவிட்டது. ரயில் நிலையம் அரண்மனை மாதிரி இருக்கிறது; தெருக்களுக்கு முதலாளிகள் பெயர், யாவ் தெட் ஷின், லியோங் சின் நாம் என்று. லகாட் சாலையில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில். ஈயத்துக்குக் கடன் கொடுத்த கைகளில் நம் கைகளும் உண்டு.

இன்று நேரமெல்லாம் ஹான் சின் பெட் சூவில் போயிற்று. லியோங் ஃபீ என்ற ஹக்கா (சீனர்களில் ஒரு பிரிவு) முதலாளி 1893இல் தொடங்கிய சுரங்க முதலாளிகளின் கிளப், இன்று அருங்காட்சியகம். முன்பதிவு செய்துவிட்டுப் போனால் கூட்டிக்கொண்டு போய் விளக்குகிறார்கள். சூதாட்டம், அபின், விபச்சாரம், ரகசியச் சங்கம் என்ற 'நான்கு தீமைகளை' ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்கள். முதலாளிகள் கிளப்பிலேயே இதைக் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

தெற்குச் சீனாவின் கிராமத்திலிருந்து கிளம்புகிறவனிடம் கப்பல் காசு இருக்காது. தரகர் கொடுப்பார். இங்கே இறங்கியதும் ஒரு முதலாளி அந்தக் கடனை அடைத்து அவனை எடுத்துக்கொள்வார். அவன் 'சின்கே', புது விருந்தாளி. என்ன மரியாதையான சொல்! விருந்தாளி 360 நாள் உழைத்தால் கடன் கழியும். உடம்புக்கு முடியாமல் படுத்த நாள் கணக்கில் வராது. கூலியை மாதாமாதம் கொடுப்பதில்லை, ஆறு மாதத்துக்கொரு தடவையோ வருடக் கடைசியிலோ கணக்குப் பார்ப்பார்கள். அதுவரை அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாம் முதலாளியின் கடையிலேயே கடனுக்கு, கடைவீதி விலைக்கு மேலே. அபின் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விட்டது. எடுத்தவர்கள் பெரும்பாலும் இதே சுரங்க முதலாளிகள். பகலில் கொடுத்த கூலி ராத்திரி புகையாக அவர்களிடமே திரும்பி வந்தது. ஈயத்தின் விலை விழுந்த வருடங்களில்கூட முதலாளிகள் பிழைத்தது எப்படி என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அரசாங்கத்துக்கும் அபின் ஏலப்பணம் பெரிய வரவு. ஆகவே 'தீமை'யை நிறுத்த யாருக்கும் அவசரமில்லை.

படங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். திறந்த பெருங்குழி. அடியில் எறும்புகள் மாதிரி மனிதர்கள். தோளில் காவடித்தண்டு, இரண்டு பக்கமும் மண் கூடை. ஏணி என்பது ஒற்றை மரத்தில் வெட்டிய படிகள், கைப்பிடி கிடையாது. கூடை மேலே வந்ததும் மண்ணை மரவாய்க்காலில் போட்டுத் தண்ணீர் விடுவார்கள். ஈயக்கல் மணலைப்போல இரண்டரை மடங்கு கனம். மணல் ஓடிவிடும், ஈயம் தங்கிவிடும். தத்துவம் அவ்வளவுதான், எல்லா இயந்திரங்களும் இதைத்தான் பெரிதாகச் செய்தன.

புதுக்காட்டைத் திறக்கும்போது மலேரியா. 1857இல் அம்பாங்கில் சுரங்கம் தொடங்கப் போன 87 சீனர்களில் ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர். அந்த அம்பாங்கின் படகுத்துறையாக முளைத்ததுதான் கோலாலம்பூர். இன்னொரு எமன் பெரிபெரி: கால் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய். சுரங்கத் தொழிலாளிகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்தின் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. காரணம் தேடிய டாக்டர்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் ஃப்ரேஸரும் ஸ்டாண்டனும் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களைப் பிரித்து இரண்டு அரிசியும் கொடுத்துப் பார்த்து, 1909இல் இதை நிறுவினார்கள். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் புழுங்கலரிசி சமைத்தால் மூக்கைச் சுளிக்கும் ஆளுக்கு இதை உடனே ஃபோனில் சொன்னேன். பதில் வரவில்லை.

தமிழர்கள் மட்டும் சுகமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு கயிறு. முதலில் சஞ்சி என்ற கூலி ஒப்பந்தம், பிறகு ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் கங்காணி. கரும்பு, காப்பி, ரப்பர், ரயில், ரோடு. சீனத் தொழிலாளியைச் சீன முதலாளி கூட்டி வந்தார். தமிழனை துரை கூட்டி வந்தார், அதனால் கூலியை துரை சொன்னார். இந்தியர்களின் சஞ்சி 1910இலும் சீனர்களின் ஒப்பந்தம் 1914இலும் சட்டப்படி முடிந்தன.

நாக்கு செத்துப்போயிருந்தது. வெள்ளைக் காப்பி ஒன்று குடித்தேன். இனிப்பு அதிகம், ஆனால் நன்றாக இருந்தது.

நான்காம் நாள்: கப்பல்

கம்பாரில் பார்க்க நினைத்த இடம் பூட்டிக் கிடந்தது. என் தப்பு, கிழமை பார்க்கவில்லை. நேராகத் தஞ்சோங் துவாலாங்.

வயல்வெளிக்கு நடுவில் ஒரு குட்டை. குட்டையில் நான்கு மாடி உயரத்துக்குத் துருப்பிடித்த ஒரு கட்டடம் மிதக்கிறது. "இதாங்கா கப்பல்" என்றான் பையன். மலாயில் 'கபால் கோரெக்', தோண்டும் கப்பல். 'கபால்' நம் கப்பல்தான். எப்போதோ நம்மிடமிருந்து போன சொல். பெயர் டி.டி. 5, கட்டியது 1938. 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், 4,500 டன். 1982வரை வேலை செய்தது. முன்னால் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் மண்ணை அள்ளி வரும்; உள்ளே சலித்து ஈயத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் துப்பும். முன்னால் தோண்ட, பின்னால் தூர்க்க, தன் குளத்தையும் கூடவே நகர்த்திக்கொண்டு ஊர்ந்து போகும்.

இந்த மாதிரி முதல் கப்பல் 1913 வாக்கில் பத்து காஜா என்ற ஊர்ப்பக்கம் வந்தது. அதற்குமுன் மலாயா ஈயத்தில் முக்கால் பங்குக்கு மேல் சீனர்களுடையது. 1920கள் முடிவதற்குள் பிரிட்டிஷ் கம்பெனிகள் அவர்களைத் தாண்டிவிட்டன. சண்டை போட்டோ சட்டம் போட்டோ மட்டும் அல்ல. லண்டனில் பங்கு விற்றால்தான் இவ்வளவு பெரிய இரும்பை வாங்க முடியும்.

பையனின் சின்னத்தாத்தா வந்திருந்தார். எண்பதுக்கு மேல் வயது. இதில் இல்லை, வேறொரு கப்பலில் எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்தவர். "வாங்கம்மா" என்று கை கூப்பினார்.

"சத்தம் எப்படி இருக்கும் ஐயா?"

"மூணு மைலுக்குக் கேக்கும். ராத்திரி பூரா ஓடும். சத்தம் நின்னாத்தான் பிள்ளைங்க முழிச்சிக்கும்மா. ஏன் நின்னுச்சின்னு."

அது ஒரேயடியாக நின்ற கதையையும் சொன்னார். அவருக்குத் தெரிந்தது கம்பெனி ஆள் வந்து சொன்னதுதான். பின்னணி இது: உலக ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த சர்வதேச ஈய மன்றம் கையில் காசில்லாமல் விழுந்தது. 1985 அக்டோபர் 24இல் லண்டன் உலோகச் சந்தை ஈய வியாபாரத்தை நிறுத்தியது. விலை கிட்டத்தட்டப் பாதியானது. கிந்தாவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள்.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"குட்டைதான் இருக்கே. மீனு வளர்த்தோம்." இந்த ஊர் ஆற்று இறாலுக்குப் பேர்போனது இன்று. பழைய லம்பக்குட்டைகளில் வளர்க்கிறார்கள்.

ஓடையில் 'டூலாங்' போட்ட பெண்களைப் பற்றியும் அவர்தான் நிறையச் சொன்னார். டூலாங் என்றால் அகன்ற மரத்தட்டு. அதிகமும் ஹக்காப் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, கப்பலும் வாய்க்காலும் தவறவிட்ட ஈயத்தை அரித்து எடுப்பார்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் ஒரு பிடி ஈய மண் வைத்திருந்தாலும் போலீஸ். பார்வையாளர்கள் முயன்று பார்க்க ஒரு தட்டு இருந்தது. சுழற்றினேன். முறத்தில் புடைக்கத் தெரிந்த கை என்ற திமிரில்தான் தொடங்கினேன். எல்லாம் தண்ணீரோடு போயிற்று. பெரியவர் வாங்கி மூன்று சுற்று சுற்றினார். நடுவில் கறுப்பாக ஒரு கோடு நின்றது.

"எங்கம்மாவுக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுச் சீனத்தி சொல்லிக்கொடுத்துச்சி" என்றார்.

ஐந்தாம் நாள்: பத்து காஜா

கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பரில் பணம் பண்ணி, 1915இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து. ஆட்களும் சென்னை மாகாணத்திலிருந்து. நடுவில் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது. தொழிலாளிகளில் சுமார் எழுபது பேர் போய்விட்டார்கள் என்று சொல்கிறார்கள். மிச்சமிருந்தவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்றார்கள். துரை கட்டிக்கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றது. இன்று கூட்டம் வருகிறது, பேய்க்கதை சொல்கிறார்கள், கல்யாண ஃபோட்டோ எடுக்கிறார்கள்.

நான் கோயிலில்தான் அதிக நேரம் இருந்தேன். மேலே சாமி சிலைகளுக்கு நடுவே துரையும் நிற்கிறார். அண்ணாந்து பார்த்து, அந்த எழுபது பேரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். சாமிகளும் துரையும்தான்.

சாயங்காலம் பையன் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்பாக மாறியபின் இங்கே வந்துவிட்டார். இறால் பிரட்டல், கங்குங் கீரை, கடைசியில் ரசம், அலுமினியச் சட்டியில். புளியும் மிளகும் அப்படியே நம்மூர்க் கை. நான் ஈயச்சொம்புக் கதையை எடுத்தேன். உங்கள் ஊர் ஈயத்தில்தான் எங்கள் ரசம் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார். "ஈயத்துலயா ரசம் வைப்பீங்க? இத்தினி வருசமா நான் கேள்விப்பட்டதே இல்லயே."

பையனுக்கும் தெரியவில்லை. சின்னத்தாத்தாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். அவருக்கும் தெரியாது.

"சரி தங்கச்சி, அடுப்புல வெச்சா உருகிடாதா?" என்றார் அந்த அம்மா.

உருகும் என்றேன்.